மேயரா இருந்தவர் ஃபெடரல் ஜட்ஜ் ஆனா என்ன மாறும்? ஃப்ராங்க் மர்ஃபியை வச்சு ஒரு எளிய விளக்கம்

அமெரிக்க அரசியல் பத்தி புதுசா படிக்க ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் ஒரு இடத்துல வந்து முட்டிக்கிட்டு நிப்பாங்க. ஒருத்தர் கட்சிக்காரரா இருக்கார், மேடை மேடையா ஏறி ஓட்டு கேக்குறார், ஒரு பெரிய ஊருக்கு மேயர் ஆகுறார், கொஞ்ச வருஷம் கழிச்சு பாத்தா அதே ஆள் கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு ஜட்ஜ் சீட்ல உக்காந்திருக்கார், அதுவும் உயிர் இருக்குற வரைக்கும். இது எப்படிங்க சரியாகும், நேத்து வரைக்கும் கட்சிக்காரரா இருந்தவர் இன்னைக்கு எப்படி நடுநிலையா தீர்ப்பு சொல்வார்னு கேக்கத் தோணும். நியாயமான கேள்விதான். இதுக்குப் பொத்தாம்பொதுவா பதில் சொல்றதை விட ஒரு ஆளோட வாழ்க்கையை எடுத்து வச்சுக்கிட்டு பேசினா சீக்கிரம் புரியும். நான் எடுத்துக்கிட்டது ஃப்ராங்க் மர்ஃபி. 1930ல இருந்து 1933 வரைக்கும் டெட்ராய்ட் மேயர், 1940ல இருந்து 1949ல சாகுற வரைக்கும் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ்.

முதல்ல அந்த ஃபெடரல்ங்கற வார்த்தையை சரி பண்ணிக்குவோம், ஏன்னா பாதி குழப்பம் அங்கதான். இந்தியாவுல கோர்ட்டுங்க எல்லாம் ஒரே ஏணி, கீழ மாவட்ட கோர்ட், மேல ஹைகோர்ட், உச்சியில சுப்ரீம் கோர்ட். அமெரிக்காவுல ரெண்டு ஏணி பக்கத்துப் பக்கத்துல நிக்குது. ஒண்ணு அந்தந்த மாநிலத்தோடது, மிச்சிகன்ல ஒரு கொலை நடந்தா, ஒரு குடும்பத்துல சொத்துத் தகராறு வந்தா, பெரும்பாலும் மிச்சிகன் மாநில கோர்ட்டுக்குத்தான் போகும். இன்னொண்ணு மொத்த நாட்டோடது, அதைத்தான் ஃபெடரல்னு சொல்றாங்க. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை மீறினா, அரசியலமைப்பு குடுத்த உரிமையை அரசாங்கம் பறிச்சிடுச்சுன்னு யாராவது வந்து நின்னா, ரெண்டு மாநிலம் சண்டை போட்டா, இதெல்லாம் இந்த ரெண்டாவது ஏணிக்கு வரும். இதுல கீழ 94 மாவட்ட கோர்ட், நடுவுல 13 அப்பீல் கோர்ட், உச்சியில 9 பேர் உக்கார்ற சுப்ரீம் கோர்ட்.

இந்த ரெண்டு ஏணியிலயும் ஆள் ஏறுற விதமே வேற வேற. நிறைய மாநிலங்கள்ல மாநில ஜட்ஜுங்களை ஜனங்களே ஓட்டுப் போட்டு எடுக்குறாங்க, ஆமா, ஜட்ஜ் பதவிக்கே எலெக்ஷன் நடக்குது. ஃபெடரல் ஜட்ஜுக்கு அது கிடையாது. அதிபர் ஒருத்தர் பேரைச் சொல்லணும், நாடாளுமன்றத்தோட மேல்சபையான செனட் அதை ஓட்டுப் போட்டு ஒத்துக்கணும், அவ்வளவுதான். உள்ள வந்துட்டா அரசியலமைப்போட மூணாவது பிரிவு சொல்ற மாதிரி நன்னடத்தையோட இருக்குற வரைக்கும் பதவி, ரிட்டயர்மெண்ட் வயசுன்னு ஒண்ணு கிடையாது, பதவியில இருக்கும்போது சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. தூக்கணும்னா கீழ்சபை குற்றம் சாட்டி, செனட் விசாரிச்சு, மூணுல ரெண்டு பங்கு பேர் சரின்னு சொல்லணும். இத்தனை வருஷ வரலாறுல அப்படி குற்றம் சாட்டப்பட்ட ஃபெடரல் ஜட்ஜுங்க 15 பேர், செனட் தூக்கினது 8 பேரைத்தான். எவ்வளவு கஷ்டம்னு இதுலயே தெரியும்.

இன்னொரு விஷயம் கேட்டா ஆச்சரியப்படுவீங்க, ஃபெடரல் ஜட்ஜுக்கு இத்தனை வயசு இருக்கணும், இத்தனை வருஷம் வக்கீலா இருந்திருக்கணும்னு அரசியலமைப்புல எந்தக் கண்டிஷனும் இல்லை. வக்கீலா இருக்கணும்னு கூட எழுதலை. நடைமுறையில எல்லாரும் வக்கீலுங்கதான், ஆனா கதவு அகலமாத்தான் இருக்கு, அதனாலதான் மேயர், கவர்னர், செனட்டர், மந்திரின்னு பல வழியில வந்தவங்களும் அந்த சீட்ல உக்காந்திருக்காங்க. மர்ஃபி அந்த வழிகள்ல முக்கால்வாசி நடந்து பாத்தவர்.

அவர் பொறந்தது 1890ல, மிச்சிகன்ல ஹியூரான் ஏரிக்கரையில இருக்குற ஹார்பர் பீச்ங்கற சின்ன ஊர்ல. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா வக்கீல். மிச்சிகன் பல்கலைக்கழகத்துல சட்டம் படிச்சு 1914ல முடிச்சார், முதல் உலகப்போர்ல ராணுவத்துல இருந்தார், திரும்பி வந்து கொஞ்ச நாள் அரசு வக்கீல் வேலை. 1923ல டெட்ராய்ட்டோட ரெக்கார்டர்ஸ் கோர்ட்டுக்கு ஜட்ஜா ஜெயிச்சார். கவனிங்க, இது ஓட்டுல ஜெயிச்ச ஜட்ஜ் பதவி, ஃபெடரல் கிடையாது, அந்த ஊர் கிரிமினல் கேஸ் எல்லாம் வர்ற கோர்ட்.

அங்கதான் 1925ல ஒசியன் ஸ்வீட் கேஸ் வந்துச்சு. ஸ்வீட் ஒரு கறுப்பின டாக்டர். வெள்ளைக்காரங்க மட்டுமே இருந்த தெருவுல ஒரு வீடு வாங்கி செப்டம்பர் மாசம் குடிபோனார். வீட்டு முன்னாடி கூட்டம் கூடுச்சு, ரெண்டாவது ராத்திரி கல்லெறிஞ்சாங்க, வீட்டுக்குள்ள இருந்து துப்பாக்கி சுட்டுச்சு, வெளியில ஒருத்தர் செத்துட்டார். வீட்டுல இருந்த 11 பேர் மேலயும் கொலைக் கேஸ். அந்தக் காலத்து டெட்ராய்ட்ல வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானுக்கு ஆயிரக்கணக்குல ஆள் இருந்தாங்க, ஊர் எலெக்ஷன்லயே அவங்க கை ஓங்கியிருந்த நேரம், அடுத்த எலெக்ஷன்ல நிக்கப்போற எந்த ஜட்ஜுக்கும் இந்த கேஸ் நெருப்புதான். மர்ஃபி அப்ப அந்த கோர்ட்டோட தலைமை ஜட்ஜ், யார்கிட்டயும் தள்ளி விடாம தானே எடுத்துக்கிட்டார். ஸ்வீட் பக்கம் வாதாடினது கிளாரன்ஸ் டாரோ, அன்னைக்கு நாட்டுலயே பேர் போன வக்கீல். முதல் விசாரணையில ஜூரிங்க ஒத்துப்போகலை. 1926ல டாக்டரோட தம்பி ஹென்றியை மட்டும் தனியா விசாரிச்சாங்க, முழுக்க வெள்ளைக்காரங்க இருந்த ஜூரி அவர் குத்தவாளி இல்லைன்னு விடுவிச்சுச்சு, அப்புறம் மத்தவங்க மேல இருந்த கேஸும் கைவிடப்பட்டுச்சு. தன் வீட்டைக் காப்பாத்திக்கிற உரிமை கறுப்பின மனுஷனுக்கும் உண்டு, அவன் மனசுல அன்னைக்கு என்ன பயம் இருந்துச்சுங்கறதையும் பாக்கணும்ங்கற வாதத்தை ஜூரி காதுல விழ விட்டதுதான் மர்ஃபி பண்ணின வேலை, அது சின்ன வேலை இல்லை.

மேயர் ஆன கதை இன்னும் பரபரப்பு. 1930ல டெட்ராய்ட் மேயரா இருந்த சார்ல்ஸ் பௌல்ஸை ஜனங்க பாதியிலயே ஓட்டுப் போட்டு இறக்கினாங்க, அந்த ஓட்டு எண்ணின ராத்திரியே மேயரை எதிர்த்துப் பேசிக்கிட்டு இருந்த ஒரு ரேடியோ பேச்சாளரை ஹோட்டல் வாசல் ஹால்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. ஊரே ஆடிப்போய் கிடந்தப்ப செப்டம்பர்ல இடைத்தேர்தல், மர்ஃபி ஜட்ஜ் வேலையை விட்டுட்டு நின்னு ஜெயிச்சார். அடுத்த வருஷம் மறுபடியும் ஜெயிச்சார்.

நேரம் எப்படிப்பட்ட நேரம்னா, 1929 அக்டோபர்ல பங்குச்சந்தை விழுந்து பெரும் பொருளாதார மந்தம் ஆரம்பிச்சிருந்துச்சு. டெட்ராய்ட் அப்ப அமெரிக்காவுல நாலாவது பெரிய ஊர், 15 லட்சத்துக்கு மேல ஜனம், மொத்த ஊரும் கார் கம்பெனிகளை நம்பி இருந்துச்சு. கார் வாங்க ஆள் இல்லைன்னா டெட்ராய்ட்ல அடுப்பு எரியாது. இன்னைக்கு மாதிரி வேலை போனா மத்திய அரசு குடுக்குற உதவித்தொகை எதுவும் அப்ப கிடையாது, பசிக்குதுன்னா ஊர் மேயர்கிட்டதான் போகணும். மர்ஃபி வேலையில்லாதவங்களுக்குன்னு ஒரு கமிட்டி போட்டார், பூட்டிக் கிடந்த ஃபேக்டரி கட்டடங்களைத் திறந்து வீடில்லாதவங்க படுக்க, சாப்பிட ஏற்பாடு பண்ணினார், ஃபிஷர் லாட்ஜ்னு சொன்ன ஒண்ணு கார் பாடி செய்யுற ஃபேக்டரியா இருந்த இடம். காலி மனைகளை ஏழைக் குடும்பங்களுக்குக் குடுத்து விதையும் குடுத்து காய்கறி போடச் சொன்னாங்க. ஆனா நகராட்சி கஜானா ஓட்டைப் பானை மாதிரி ஆயிடுச்சு. வரி வரலை, வாங்கின கடனுக்கு வட்டி ஏறுது, பேங்க்காரங்க செலவைக் குறைன்னு கழுத்தைப் பிடிக்கிறாங்க. உதவி வாங்குறவங்க பட்டியல்ல இருந்து ஆயிரக்கணக்கான பேரை வெட்ட வேண்டி வந்துச்சு, வெட்டினது அவர் நிர்வாகம்தான். 1933ல கடன் தவணையே கட்ட முடியாம போய், ஊழியர்களுக்கு பணத்துக்குப் பதிலா நகராட்சியே அச்சடிச்ச சீட்டு குடுக்குற நிலைமை வந்துச்சு. நான் இதை ஏன் இழுத்துச் சொல்றேன்னா, ஒரு கையெழுத்துல எத்தனை வீட்டுச் சாப்பாடு போகுங்கறதை நேர்ல பாத்த ஆள் பின்னாடி ஜட்ஜ் சீட்ல உக்காரும்போது, அரசாங்கம் போட்ட உத்தரவைப் படிக்கிற விதமே வேறயா இருக்கும்.

1932 மார்ச் 7ஆம் தேதி இன்னொண்ணு நடந்துச்சு. வேலை போனவங்க சுமார் 3,000 பேர் டெட்ராய்ட்ல இருந்து பக்கத்து ஊர் டியர்பார்ன்ல இருந்த ஃபோர்டு ஃபேக்டரிக்கு ஊர்வலம் போனாங்க. டெட்ராய்ட் எல்லை வரைக்கும் மர்ஃபியோட போலீஸ் கூடவே வந்து அமைதியா விட்டுச்சு. டியர்பார்ன் எல்லையைத் தாண்டினதும் அந்த ஊர் போலீஸ் கண்ணீர்ப் புகை, அப்புறம் போலீஸும் கம்பெனி காவலாளுங்களும் துப்பாக்கி. நாலு பேர் அங்கயே செத்தாங்க, காயம்பட்ட ஒருத்தர் பின்னாடி செத்தார். ஒரே ஊர்வலம், ஒரே ஜனம், எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் நடக்கலை, அந்தப் பக்கம் பிணம் விழுந்துச்சு.

ஊர்களால மட்டும் இந்தப் பசியை சமாளிக்க முடியாது, மத்திய அரசு காசு குடுக்கணும்னு மத்த மேயர்களையும் டெட்ராய்ட்டுக்குக் கூப்பிட்டு 1932ல மாநாடு போட்டார். அதுல இருந்து வந்ததுதான் இன்னைக்கும் இருக்குற அமெரிக்க மேயர்கள் மாநாடுங்கற அமைப்பு, முதல் தலைவர் மர்ஃபி.

1932ல ரூஸ்வெல்ட் அதிபரா ஜெயிச்சதும் மர்ஃபியை பிலிப்பைன்ஸுக்கு கவர்னர் ஜெனரலா அனுப்பினார், அப்ப அது அமெரிக்கா கையில இருந்துச்சு. 1933ல இருந்து 1936 வரைக்கும் மணிலாவுல இருந்தார், பிலிப்பைன்ஸ் சுதந்திரத்துக்கு முதல் படியா 1935ல காமன்வெல்த் அரசாங்கம் வந்தப்ப அங்கதான் இருந்தார். அந்த ஜனங்க மேல அவருக்கு இருந்த பாசம் கடைசி வரைக்கும் போகலை, இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு கேஸ்ல வரும்.

திரும்பி வந்து மிச்சிகன் கவர்னரா ஜெயிச்சு 1937 ஜனவரி 1ஆம் தேதி பதவி ஏத்தார். ரெண்டு நாள் முன்னாடிதான் ஃபிளிண்ட் ஊர்ல ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளிங்க ஃபேக்டரிக்குள்ளயே உக்காந்து ஸ்ட்ரைக் ஆரம்பிச்சிருந்தாங்க. வெளிய போங்கன்னு கோர்ட் ஆர்டர் வந்துச்சு, முதல் ஆர்டர் போட்ட ஜட்ஜ்கிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் பங்கு நிறைய இருந்தது தெரிஞ்சு அந்த ஆர்டருக்கே மரியாதை போயிடுச்சு, அப்புறம் வேற ஜட்ஜ் இன்னொரு ஆர்டர் போட்டார். சட்டப்படி பாத்தா கவர்னர் படையை விட்டு அவங்களை இழுத்து வெளிய போட்டிருக்கணும். மர்ஃபி நேஷனல் கார்டுங்கற மாநிலப் படையை வரவழைச்சார், ஆனா ரெண்டு பக்கமும் அடிச்சுக்காம பாத்துக்கத்தான் நிறுத்தினார், தொழிலாளிங்க மேல ஏவலை. ராத்திரி பகலா கம்பெனியையும் யூனியனையும் உக்கார வச்சுப் பேச வச்சார். 44 நாள் கழிச்சு பிப்ரவரி 11ஆம் தேதி கம்பெனி யூனியனை ஒத்துக்கிச்சு. சட்டத்தை அமல்படுத்தாத கவர்னர்னு நிறைய பேர் திட்டினாங்க, கம்யூனிஸ்ட்டுகளுக்குத் துணை போறார்னு நாடாளுமன்றக் கமிட்டி முன்னாடியே சாட்சி சொன்னாங்க, 1938 எலெக்ஷன்ல தோத்துட்டார்.

இந்தத் தோல்விதான் நம்ம விளக்கத்துக்கு நடு மையம். ஓட்டுல வர்ற பதவியில மனசுக்குச் சரின்னு பட்டதைச் செஞ்சா அடுத்த தடவை ஜனங்க இறக்கி விடலாம், அது ஜனநாயகம், தப்பு சொல்ல முடியாது. ஃபெடரல் ஜட்ஜுக்கு இந்தப் பயம் மொத்தமா இல்லை. ஊரே கோவிச்சுக்கிட்டாலும் நாளைக்குக் காலையில அதே சீட்ல உக்காரலாம். அரசியலமைப்பை எழுதினவங்க இதைத் தெரிஞ்சேதான் வச்சாங்க, ஊர் முழுக்க வெறுக்குற ஒரு ஆள் கோர்ட்டுக்கு வந்தா அவனுக்காகவும் ஒருத்தர் பயமில்லாம யோசிக்கணும்னு.

தோத்த கையோட ரூஸ்வெல்ட் அவரை அட்டர்னி ஜெனரல், அதாவது நீதித்துறை மந்திரி ஆக்கினார், 1939 முழுக்க ஒரே வருஷம்தான் அந்த வேலை. அந்த ஒரு வருஷத்துல குடிமக்கள் உரிமைக்குன்னு நீதித்துறையில தனிப் பிரிவு ஆரம்பிச்சார், கான்சாஸ் சிட்டியை ஆட்டி வச்ச டாம் பெண்டர்காஸ்ட்ங்கற கட்சித் தலைவரை வரி ஏய்ப்புக் கேஸ்ல உள்ள தள்ளினாங்க, நியூயார்க்ல அப்பீல் கோர்ட்டோட மூத்த ஜட்ஜா இருந்த மார்ட்டின் மேண்டன் காசு வாங்கித் தீர்ப்பு சொன்னார்னு அவர் மேலயே கேஸ் நடந்து ஜெயிலுக்குப் போனார். ஆயுசு முழுக்க பதவின்னா என்ன வேணா பண்ணலாம்னு அர்த்தம் இல்லைங்கறதுக்கு மேண்டன் கேஸ் நல்ல உதாரணம், பதவியை ஓட்டு பறிக்காது, ஆனா குத்தம் பண்ணினா சட்டம் எல்லாருக்கும் போலத்தான்.

1939 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் பியர்ஸ் பட்லர் இறந்துட்டார். அந்த இடத்துக்கு 1940 ஜனவரி 4ஆம் தேதி ரூஸ்வெல்ட் மர்ஃபி பேரை அனுப்பினார், 16ஆம் தேதியே செனட் ஒத்துக்கிச்சு, 12 நாள்ல முடிஞ்சுது. இன்னைக்கு இதே வேலை முடியப் பல வாரம், சில சமயம் மாசக்கணக்கா ஆகும், நடுவுல டிவி முன்னாடி சில நாள் விசாரணையும் நடக்கும். மர்ஃபிக்கே தயக்கம் இருந்துச்சு, செயல்ல இறங்கிப் பழகின மனுஷன், புத்தகத்தோட உக்கார்ற வேலைக்கு நான் சரியா வருவேனான்னு.

அந்தத் தயக்கம் நியாயம்தான்னு எனக்குப் படுது. மேயர் நினைச்சா இன்னைக்கு ராத்திரியே பூட்டின ஃபேக்டரியைத் திறந்து 100 பேரைப் படுக்க வைக்கலாம். ஜட்ஜால அது முடியாது. யாராவது கேஸ் கொண்டு வரணும், அந்த கேஸ்ல கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லணும், அதுவும் சுப்ரீம் கோர்ட்னா 9 ஓட்டுல அவர் ஓட்டு ஒண்ணு. பணம் ஒதுக்க முடியாது, போலீஸை அனுப்ப முடியாது, கையில இருக்கறது எழுத்து மட்டும்தான். தோத்துப் போற பக்கம் இருந்தா அந்த எழுத்துக்குக்கூட அன்னைக்கு பலம் கிடையாது, மாறுபட்ட தீர்ப்புன்னு சொல்லி பின்னாடி சேத்து அச்சடிப்பாங்க.

வந்த சில மாசத்துலயே, 1940 ஏப்ரல்ல, தார்ன்ஹில் கேஸ். அலபாமாவுல ஃபேக்டரி வாசல்ல நின்னு யூனியனுக்காக மறியல் பண்ணினதுக்கே ஒரு தொழிலாளியைத் தண்டிச்சிருந்தாங்க. அமைதியா நின்னு நம்ம பிரச்சினையை நாலு பேருக்குச் சொல்றதும் பேச்சுரிமைதான்னு தீர்ப்பு எழுதினது மர்ஃபி. டியர்பார்ன் எல்லையும் ஃபிளிண்டும் தெரிஞ்சவங்களுக்கு இந்தத் தீர்ப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லவே வேண்டாம். அதே மர்ஃபிதான் 1942ல சாப்ளின்ஸ்கி கேஸ்ல, நடுத்தெருவுல ஒரு அதிகாரி மூஞ்சிக்கு நேரா கேவலமாத் திட்டினதுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாதுன்னும் எழுதினார். கேட்ட உடனே கைகலப்பு வரும்ங்கற மாதிரி வார்த்தை தனி வகைன்னு அன்னைக்கு வச்ச அளவுகோலை இன்னைக்கும் சட்டக் கல்லூரிகள்ல பாடமா நடத்துறாங்க. அது தேவைக்கு மேல போன தீர்ப்புன்னு நினைக்கிறவங்க உண்டு, நானும் அந்தப் பக்கம்தான், ஆனா தெருவுல ஒரு வாய்ச்சண்டை எப்படிக் கலவரமா மாறும்னு பாத்த ஒரு மேயரோட கவலை அதுல தெரியுது.

இப்ப முக்கியமான கேஸுக்கு வருவோம். 1941 டிசம்பர்ல ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்குச்சு. 1942 பிப்ரவரி 19ஆம் தேதி ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவு போட்டார், அதை வச்சு ராணுவம் மேற்குக் கரையில இருந்த ஜப்பானிய வம்சாவளி ஜனங்க அத்தனை பேரையும் வீடு, கடை, நிலத்தை விட்டுக் கிளப்பி, உள்நாட்டுல முள்வேலி போட்ட முகாம்கள்ல அடைச்சுச்சு. மொத்தம் சுமார் 1,20,000 பேர், மூணுல ரெண்டு பங்கு அமெரிக்காவுலயே பொறந்த குடிமக்கள். ஓக்லண்ட்ல பொறந்த ஃப்ரெட் கோரேமாட்சுங்கற வெல்டிங் வேலை செய்யுற பையன், 23 வயசு, போக மாட்டேன்னு இருந்துட்டான், பிடிச்சாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வந்துச்சு. இதுக்கு முன்னாடி 1943ல ஹிராபயாஷி கேஸ்ல, ஜப்பானிய வம்சாவளி ஜனங்களுக்கு மட்டும் ராத்திரி ஊரடங்கு போட்டது சரியான்னு கேள்வி வந்தப்ப, மர்ஃபி முதல்ல எதிர்த்து எழுத ஆரம்பிச்சு, போர் நேரத்துல கோர்ட் ஒரே குரல்ல பேசணும்னு கூட இருந்தவங்க வற்புறுத்தினதால கடைசியில மத்தவங்களோடயே சேந்துக்கிட்டார், ஆனா இது ஜெர்மனியில யூதர்களை நடத்துற விதத்தோட வருத்தமான சாயல்ல இருக்குன்னு எழுதி வச்சுட்டுத்தான் சேந்தார். ரெண்டாவது தடவை அப்படி விட்டுக் குடுக்கலை. 1944 டிசம்பர் 18ஆம் தேதி கோரேமாட்சு தீர்ப்பு, 6 பேர் அரசாங்கத்துப் பக்கம், 3 பேர் எதிர்ப்பு. மர்ஃபி அந்த 3 பேர்ல ஒருத்தர். மர்ஃபியை அந்த சீட்ல உக்கார வச்சதே ரூஸ்வெல்ட், உத்தரவு போட்டதும் ரூஸ்வெல்ட், அதுவும் போர் நடந்துக்கிட்டு இருக்கும்போது. ஆயுசு முழுக்க பதவிங்கறது எதுக்குன்னு கேட்டா நான் இந்த ஒரு நாளைத்தான் காட்டுவேன்.

இது இனவெறிங்கற அசிங்கமான பாதாளத்துல விழற காரியம்னு அவர் எழுதின வரியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. எனக்கு அதை விட அதுக்கு அப்புறம் வர்ற பக்கங்கதான் பெருசு. அங்க பேசறது ஒரு நிர்வாகி. ராணுவத் தளபதியோட ரிப்போர்ட்டை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு காரணமாப் பாக்குறார், இதுல ராணுவ விஷயம் எது, யாரோ சொன்ன சந்தேகம் எது, காலங்காலமா இருக்குற இன வெறுப்பு எதுன்னு பிரிச்சு வைக்கிறார், ஜப்பானிய விவசாயிங்களோட போட்டி ஒழியட்டும்னு காய்கறி வியாபாரிங்க குடுத்த அழுத்தத்தையும் எழுதுறார். அப்புறம் கணக்குக்கு வர்றார். ஒவ்வொருத்தரையும் தனித்தனியா விசாரிக்க நேரம் இல்லைன்னு அரசாங்கம் சொல்லுது, ஆனா பேர்ல் ஹார்பர் நடந்து கிட்டத்தட்ட நாலு மாசம் கழிச்சுத்தான் முதல் வெளியேத்துற ஆணையே வந்துச்சு, கடைசி ஆணை வரக் கிட்டத்தட்ட எட்டு மாசம். அதே போர்ல இங்கிலாந்து ஆறு மாசத்துல 74,000 ஜெர்மானியர்களையும் ஆஸ்திரியர்களையும் ஒவ்வொருத்தரா விசாரிச்சு யார் ஆபத்து, யார் ஆபத்தில்லைன்னு பிரிச்சுது. இங்க இருந்ததுல பெரும்பகுதி குழந்தைங்களும் வயசானவங்களும், அப்ப நம்மால ஏன் முடியாதுன்னு கேக்குறார். 15 லட்சம் பேர் ஊர்ல வரிசையில நின்ன ஒவ்வொரு குடும்பத்தையும் விசாரிச்சு உதவி குடுத்த நிர்வாகத்தை நடத்தினவருக்கு, ஆளாளா விசாரிக்கிறது முடியாத காரியம்னு யாரும் கதை சொல்ல முடியாது. அந்தக் கேள்வி சட்டப் புத்தகத்துல இருந்து மட்டும் வந்த கேள்வி இல்லைன்னு நான் உறுதியா நம்புறேன்.

பிலிப்பைன்ஸை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா. 1945 பிப்ரவரியில மணிலாவுல நடந்த சண்டையில ஜப்பான் ராணுவம் பொதுமக்களை கொத்துக்கொத்தாக் கொன்னுச்சு, அந்தச் சண்டையில சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்ததா கணக்கு. பிலிப்பைன்ஸ்ல இருந்த ஜப்பானிய தளபதி யமாஷிட்டாவை போர் முடிஞ்சதும் அமெரிக்க ராணுவ கமிஷன் மணிலாவுலயே விசாரிச்சுத் தூக்குத் தண்டனை குடுத்துச்சு, 1946 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துச்சு. மர்ஃபி எதிர்த்து எழுதினார், அவர் கூட ரட்லெட்ஜ்னு இன்னொரு ஜட்ஜ் மட்டும். யமாஷிட்டா இந்தக் கொலைகளைச் செய்யச் சொன்னார்னோ, தெரிஞ்சு விட்டார்னோ குற்றச்சாட்டுலயே இல்லை, அவசர அவசரமா விசாரிச்சிருக்காங்க, எதிரியா இருந்தாலும் முறையான விசாரணை வேணும்னு எழுதினார். கொல்லப்பட்டது அவர் கூடப் பழகின ஊர் ஜனங்க, அழிஞ்சது அவர் மூணு வருஷம் இருந்த நகரம். மேயர் அனுபவம் ஜட்ஜுக்கு மனசைக் குடுக்கும்னு மட்டும் சொன்னா பாதிதான் சரி, சொந்த மனசுக்கு வேண்டியவங்க பக்கம் சாயாம நிக்கவும் தெரியணும். அதே மாசம் யமாஷிட்டாவைத் தூக்குல போட்டுட்டாங்க.

மர்ஃபியைக் குறை சொன்னவங்களும் சாதாரண ஆளுங்க இல்லை. சட்டத்தை விட மனசை வச்சுத் தீர்ப்பு சொல்றார்னு கூட இருந்த ஜட்ஜுங்கள்லயே சிலர் நினைச்சாங்க. ஆங்கிலத்துல நீதியோட கருணையைக் கலக்குறதுன்னு ஒரு வழக்கு உண்டு, அந்தக் கருணை இருக்குற இடத்துல அவர் பேரைப் போட்டு நீதியோட மர்ஃபியைக் கலக்குறாங்கன்னு கேலி பண்ணுவாங்க. அந்தக் குறையில கொஞ்சம் உண்மை இருக்கு, சில தீர்ப்புகள்ல சட்டக் காரணம் மெலிசா இருக்கும். கோரேமாட்சுல அப்படி இல்லைங்கறதுதான் என் கருத்து, அங்க சட்டமும் கணக்கும் ரெண்டுமே கெட்டி.

மேயரா இருந்தவங்க எல்லாரும் இப்படித்தான் தீர்ப்பு சொல்வாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க. 1945ல இருந்து மர்ஃபி சாகுற வரைக்கும் அதே கோர்ட்ல இன்னொரு முன்னாள் மேயரும் உக்காந்திருந்தார், க்ளீவ்லேண்ட் மேயரா இருந்த ஹரோல்ட் பர்ட்டன். அவர் குடியரசுக் கட்சி, செனட்டராவும் இருந்தார், எதிர்க்கட்சி அதிபர் ட்ரூமன் அவரை நியமிச்சார். 1946ல மாநிலம் விட்டு மாநிலம் போற பஸ்ஸுல கறுப்பினப் பயணிகளைத் தனியா உக்கார வைக்கிற வர்ஜீனியா சட்டம் செல்லாதுன்னு கோர்ட் சொன்னப்ப எதிர்த்த ஒரே ஆள் பர்ட்டன். அதே பர்ட்டன் 1950ல ரயில் சாப்பாட்டுப் பெட்டியில திரை போட்டுப் பிரிக்கிறது தப்புன்னு ஒருமனதான தீர்ப்பை எழுதினார், 1954ல பள்ளிக்கூடங்கள்ல இனப் பிரிவினை கூடாதுன்ன தீர்ப்புலயும் இருந்தார். மனுஷங்க சீட்ல உக்காந்த பிறகும் மாறுறாங்க. அப்பீல் கோர்ட் மட்டத்துல பாக்கணும்னா ஆந்தணி செலெப்ரீஸ், இத்தாலியில பொறந்து 1953ல இருந்து 1962 வரைக்கும் க்ளீவ்லேண்ட் மேயர், அப்புறம் கென்னடி, ஜான்சன் ரெண்டு பேர்கிட்டயும் மந்திரி, 1965ல ஜான்சன் அவரை ஆறாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டுக்கு ஜட்ஜ் ஆக்கினார்.

மர்ஃபி 1949 ஜூலை 19ஆம் தேதி டெட்ராய்ட்ல மாரடைப்புல இறந்தார், 59 வயசு. கோரேமாட்சு தன் மேல இருந்த குற்றத் தீர்ப்போடவே 40 வருஷத்துக்கு மேல வாழ்ந்தார். 1983ல சான் ஃபிரான்சிஸ்கோவுல மரிலின் ஹால் பட்டேல்ங்கற ஃபெடரல் மாவட்ட ஜட்ஜ் அந்தத் தண்டனையை ரத்து பண்ணினாங்க, அரசாங்கம் தன்கிட்ட இருந்த சாட்சியங்களை சுப்ரீம் கோர்ட்டுக்கே காட்டாம மறைச்சது அதுக்குள்ள வெளிய வந்திருந்துச்சு. 1988ல நாடாளுமன்றம் மன்னிப்பு கேட்டு, உயிரோட இருந்தவங்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் குடுக்க சட்டம் போட்டுச்சு. 2018ல தலைமை ஜட்ஜ் ராபர்ட்ஸ் வேற ஒரு கேஸ்ல, கோரேமாட்சு தீர்ப்பு சொன்ன அன்னைக்கே பெரிய தப்புன்னு எழுதினார்.

கோரேமாட்சு கேஸ்ல மர்ஃபி எழுதின அந்த மாறுபட்ட தீர்ப்பு ரொம்ப நீளம் எல்லாம் இல்லை, ஒரு மணி நேரத்துக்குள்ள படிச்சிடலாம், இணையத்துல இலவசமாவே கிடைக்குது. படிக்கிறவங்க பாதாளம்ங்கற வார்த்தையோட நிறுத்திடாதீங்க, 74,000ங்கற எண் வர்ற இடம் வரைக்கும் போங்க.